எழுதுகோலும் பட்டறையும்

விமான் நகர்வாழ் தமிழ்க் குடும்பங்களில் கணிப்பொறி நிரல் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். எளிய எடிட்டரில் நிரல் எழுதுவதா, எல்லா வசதிகளும் ஒருங்கே அமைந்த பெருங்கருவியில் எழுதுவதா என்பது அவர்கள் எழுப்பும் வினாக்களுள் ஒன்று. இதற்கு வரலாறு தக்க விடை கூறும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ‘எட்’ என்னும் எடிட்டரை இயற்றினார். அந்நாளில் திரைக்கு மாறாகத் தட்டச்சுப் பொறியே பெரிதும் வழங்கியமையால், எழுதிய வரியை மீண்டும் காணத் தாளில் அச்சிட வேண்டியிருந்தது. 1976இல் பெர்க்லி மாணவர் பில் ஜாய் ‘விஐ’ என்னும் திரை எடிட்டரை ஆக்கினார. இவை எழுதுகோல் போன்றவை. நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலரைத் தனியே ஏவுதல் வேண்டும்.

1983இல் போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் தோன்றியது. எழுதுதல், மாற்றுதல், இயக்கிப் பார்த்தல் ஆகிய மூன்றும் ஒரே பட்டறையில் இணைந்தன. விலையோ 50 டாலருக்கும் குறைவு. அவ்வழியில் 1990இல் டர்போ சி பிளஸ் பிளஸ் வந்தது. சிறு கணிப்பொறியிலும் இயங்கியமையால் நம் நாட்டுக் கல்லூரிகள் பல அதனை விரும்பி ஏற்றன.

ஈண்டுத்தான் இடர் விளைந்தது. அம்மொழிக்கு உலகப் பொதுத் தரம் 1998இல் வகுக்கப்பெற்றது. டர்போ கருவி அறிந்ததோ அதற்கு முந்திய நடை. எனினும் பல்லாண்டுகள் நம் வகுப்பறைகளில் அதுவே ஆட்சி புரிந்தது. அதில் பயின்றவன் புதிய கம்பைலரின்முன் அமர்ந்தபோது, மனப்பாடமாய் அறிந்த முதல் வரியே பிழையாயிற்று. அவன் கற்றது மொழியையா, கருவியையா?

இதனால் பெருங்கருவி தீதென்பது பொருளன்று. பல்லாயிரம் வரிகள் கொண்ட பெரும்பணியில் பிழையைத் தேடவும், ஒரு பெயரை எங்கும் ஒருசேர மாற்றவும் அதுவே துணை. மேலும், 2015இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட், வேண்டும் உறுப்புகளை வேண்டியபோது பூட்டிக்கொள்ளும் எடிட்டராய் அமைந்து, இரண்டிற்கும் இடைப்பட்ட வரம்பையே மங்கச் செய்துவிட்டது.

ஆதலின் தொடக்கத்தில் சில திங்களேனும் பிள்ளைகள் எளிய எடிட்டரில் எழுதி, கம்பைலரைத் தம் கையால் ஏவி, அது கூறும் பிழையைத் தாமே படித்துத் திருத்துவார்களாக. பின்னர்ப் பட்டறையுள் புகலாம். பெற்றோர் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு: “இவ்விசையை அழுத்தினால் உள்ளே நிகழ்வது யாது?” அதற்கு விடை கூறும் பிள்ளைக்கு எக்கருவியும் ஏவலாளே, கூற இயலாத பிள்ளைக்கோ கருவியே எசமான்.