அண்ணாமலைப் பல்கலைக்கழக ஊழியர் போராட்டம் (2012–2013)

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஊழியர் போராட்டம் 2012 நவம்பரில் சிதம்பரத்தில் தொடங்கியது. சம்பளக் குறைப்பை எதிர்த்து எழுந்த இப்போராட்டம் பல்கலைக்கழகத்தின் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியாக வளர்ந்து, 2013-இல் தமிழ்நாடு அரசு அதைக் கையேற்பதில் முடிந்தது.

அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதிலிருந்து வளர்ந்ததே 1929-இல் உருவான பல்கலைக்கழகம். மற்ற பல்கலைக்கழகங்களுக்கு இல்லாத ஓர் ஏற்பாடு இதன் சட்டத்தில் இருந்தது. நிறுவனரும் அவருக்குப்பின் அவர் வாரிசும் இணைவேந்தராக இருப்பர். துணைவேந்தர் பதவிக்கான பெயர்ப்பட்டியலும் அவர்களிடமிருந்தே வரும். நிறுவனர் நன்கொடையால் எழுந்த நிறுவனம் என்ற அளவில் 1929-இல் இது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அரசு மானியமும் பெற்றுவந்த ஒரு பல்கலைக்கழகத்தில் 80 ஆண்டுகளுக்குப் பின்னும் அது நீடித்தது.

தொலைதூரக் கல்வி வருமானம் பெருகிய காலத்தில் பணியிடங்களும் பெருகின. 2012 அளவில் ஆசிரியரும் அலுவலருமாக 12,000-க்கும் மேற்பட்டோர் பணியில் இருந்தனர். சிதம்பரம் போன்ற சிறு நகரத்தில் இது எத்தனை குடும்பங்களின் பிழைப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, சம்பளத்தைக் குறைக்கவும் ஆட்களைக் குறைக்கவும் நிர்வாகம் முனைந்தபோது, வழக்கமாகத் தனித்தனியே நிற்கும் ஆசிரியர் சங்கங்களும் ஊழியர் சங்கங்களும் ஒன்றாகக் களம் இறங்கின. தேவைக்கு மேல் ஆள் சேர்த்தது நிர்வாகம்தான், அதன் சுமையை ஊழியர் ஏன் தாங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பணியமர்த்தலிலும் நிதி நிர்வாகத்திலும் முறைகேடு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டு, விடுதி மாணவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டனர்.

ஊழியர்களின் கோரிக்கை இப்போது மாறியது: அரசே பல்கலைக்கழகத்தை ஏற்க வேண்டும். 2013 ஏப்ரலில் அரசு இ.ஆ.ப. அதிகாரி சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறுவனர் குடும்பத்தின் சிறப்புரிமைகளை நீக்கியது.

வேலை போகவில்லை, ஆனால் சிக்கல் தீரவும் இல்லை. உபரி எனக் கணக்கிடப்பட்டவர்களை அரசு பிற இடங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அலுவலர்கள் பல துறைகளுக்கும், உதவிப் பேராசிரியர்கள் மாநிலம் முழுவதிலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளுக்கும் சென்றனர். அவர்கள் போய்ச் சேர்ந்த கல்லூரிகளில் குறைந்த தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவந்த கௌரவ விரிவுரையாளர்கள் தங்கள் இடம் பறிபோகுமென்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். சிதம்பரத்தில் நிர்வாகத்துக்கும் ஆசிரியருக்கும் இடையே இருந்த மோதல், இங்கே ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்த இருவருக்கிடையிலான மனக்கசப்பாக உருமாறியது. இரு தரப்பினரும் கேட்டது ஒன்றே, பணி நிரந்தரம். அயற்பணியில் வந்தவர்கள் தாங்கள் பணிபுரியும் கல்லூரியிலேயே உள்ளீர்க்கப்பட வேண்டுமென்று கோரினர்.

பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டு மாணவர்கள் போராடினர். 2021 ஜனவரியில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது.