நெய்யப்படாத துணி வந்த வழி

1837 மார்ச் 25 அன்று, கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் தன் நண்பர் எட்வர்ட் கொலினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய புதிய கதைப் புத்தகம் அச்சில் இருந்தது. அதில் ஒரு கதையின் கடைசிப் பத்தியை மாற்றிவிட வேண்டும் என்பதே கடிதத்தின் செய்தி. அதுவரை அந்தக் கதை, இல்லாத உடையை ஊரே மெச்சுவதோடு முடிந்தது. ராஜா ஒன்றுமே உடுத்தவில்லை என்று சொல்ல அதில் ஒரு வாய்கூட இல்லை. அந்தக் கடிதத்தோடுதான் அதைச் சொல்லும் சிறுபிள்ளை கதைக்குள் வந்தது. ஏப்ரல் 7 அன்று ராய்ட்செல் பதிப்பகம் 'குட்டிக் கடற்கன்னி'யோடு சேர்த்து அந்தக் கதையை வெளியிட்டது. தலைப்பு 'சக்கரவர்த்தியின் புத்தாடை'.

அந்தத் துணி கோபன்ஹேகன் தறியில் நெய்தது அல்ல. கதையின் கரு ஸ்பெயின் இளவரசர் டான் மானுவேலுடையது என்று ஆண்டர்சனே தன் குறிப்பில் எழுதிவைத்தார். அந்த இளவரசருக்கும் அது முதல் தறி இல்லை.

ஜினேசுவரர் என்ற சமணத் துறவி 1052இல் 'நிர்வாணலீலாவதி' என்ற கதைத்தொகுப்பை இயற்றினார். நூல் அழிந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் ஜினரத்னர் அதைச் சுருக்கி எழுதிய 'லீலாவதீசாரம்' கிடைத்திருக்கிறது. அதில் அஸ்தினாபுரத்து வணிகன் ஒருவன் சிராவஸ்தி அரசனிடம் வந்து தெய்வீக ஆடை நெய்து தருவதாகச் சொல்கிறான். முறைதவறிப் பிறந்தவர்களுக்கு அது கண்ணுக்கும் படாது, கைக்கும் படாது என்கிறான். சபை முழுவதும் ஆகா என்கிறது. அரசன் நகர்வலம் போகிறான். வீதியில் நின்ற சனங்கள், "அரசர் அம்மணத் துறவி ஆகிவிட்டாரா?" என்று கேட்கிறார்கள். அப்போதுதான் அவனுக்கு விஷயம் விளங்குகிறது. அதற்குள் வணிகன் ஓடிவிட்டான். எழுதியவர் வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கேள்வியின் சுவை கூடும்.

சிராவஸ்தியிலிருந்து ஸ்பெயினுக்குப் பாதை இருந்தது. பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் 'கலீலா வ திம்னா' ஆனது. 1251இல் அது காஸ்தீலிய மொழிக்கு வந்தது. பெயர்க்கச் செய்தவர் பின்னாளில் பத்தாம் அல்போன்சோ மன்னராகிய இளவரசர். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய தம்பி ஃபத்ரீக்கே இன்னொரு கீழைத்தேயக் கதைத்தொகுப்பை அரபிலிருந்து பெயர்க்கச் செய்தார். இவர்களுடைய தம்பி மகன்தான் ஆண்டர்சன் குறிப்பிட்ட இளவரசர், 1282இல் பிறந்த டான் ஹுவான் மானுவேல். நம் துணியும் இந்தப் பாதையில் வந்திருக்கலாம்.

ஹுவான் மானுவேலின் தாத்தா கோர்தோபாவையும் செவிலையும் முஸ்லிம் அரசர்களிடமிருந்து பிடித்தவர். பேரனோ தன் மன்னரோடு பகை வந்தபோது கிரனாடா சுல்தானோடு கூட்டு வைத்தார். எல்லைப்புறத்துப் பிரபு, இரண்டு பக்கத்துக் கதைகளும் காதில் விழும் இடத்தில் வாழ்ந்தவர். 1335 ஜூன் 12 அன்று 'கோண்டே லுகானோர்' என்ற நூலை முடித்தார். பிரபு லுகானோர் ஒரு சிக்கலைச் சொல்வார், ஆலோசகர் பாத்ரோனியோ ஒரு கதையால் பதில் சொல்வார். அப்படி 51 கதைகள்.

தென்ஸ்பெயினின் அந்தலூசியா அந்த நூலில் எப்படி மணக்கிறது என்பதற்கு ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். செவிலை 1069 முதல் 1091 வரை ஆண்ட கவியரசன் அல்-முஃதமிதும் அவன் ராணி ருமைக்கிய்யாவும் அதில் வருகிறார்கள். கோர்தோபாவில் ஒரு நாள் பனி விழுவதைப் பார்த்த ராணி, பனி விழும் நாட்டுக்கு என்னை ஏன் கூட்டிப்போகவில்லை என்று அழுகிறாள். அரசன் மலை முழுவதும் வாதுமை மரம் நடுகிறான், மாசியில் பூத்தால் பனி போலத் தெரியுமே என்று. இன்னொரு நாள், ஆற்றங்கரையில் வெறுங்காலோடு சேறு மிதிக்கும் பெண்ணைப் பார்த்து ராணி மறுபடி அழுகிறாள். ஏரியில் தண்ணீருக்குப் பதில் பன்னீர், சேற்றுக்குப் பதில் சர்க்கரை, இலவங்கப்பட்டை, கிராம்பு, கஸ்தூரி என்று நிரப்பி, மிதித்துக்கொள் என்கிறான். பிறகொரு நாள், எனக்காக நீ எதுவுமே செய்ததில்லை என்று அவள் அழும்போது, அந்தச் சேற்று நாள்கூட இல்லையா என்று அரபியில் கேட்கிறான். காஸ்தீலிய நூலுக்குள் அந்த அரபு வாக்கியம் அப்படியே நிற்கிறது. முஃதமித் பிற்பாடு நாடிழந்து மொராக்கோவின் அக்மாத்தில் 1095இல் இறந்தான். வென்றவர்களின் பேரன் எழுதிய நூலில், தோற்றவர்களின் அரசன் இத்தனை அன்போடு வாழ்கிறான்.

அதே நூலின் 32ஆவது கதையில் மூன்று ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள். தன் தகப்பனுக்குத்தான் பிறந்தவன் என்றால் மட்டுமே இந்தத் துணி தெரியும் என்கிறார்கள். அரசனுக்கு மகிழ்ச்சி. மூர்களிடம், அதாவது முஸ்லிம்களிடம், சொந்த மகன் அல்லாதவனுக்குச் சொத்து கிடையாது, துணி தெரியாதவர்களின் சொத்தெல்லாம் தன் கருவூலத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறான். தறியின் முன் நின்றதும் அவனுக்கே ஒன்றும் தெரியவில்லை. நான் என் தகப்பன் மகன் இல்லையென்றால் ராஜ்ஜியம் போய்விடுமே என்ற பயத்தில் துணியை வாயாரப் புகழ்கிறான். 'ஒரே அப்பனுக்குப் பிறந்தவனாக இருந்தால்' என்று தெருச்சண்டையில் சவால் விடும் ஊரில் வளர்ந்த நமக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. திருநாளன்று அவன் குதிரை ஏறுகிறான். நல்ல வேளை கோடைக்காலம் என்கிறார் ஹுவான் மானுவேல். கடைசியில் உண்மையைச் சொல்பவன் சிறுபிள்ளை இல்லை, அரசனின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பின வேலைக்காரன். நான் எந்தத் தகப்பனுக்குப் பிறந்தவன் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை, நான் குருடனாக இருக்க வேண்டும் அல்லது நீங்கள் அம்மணமாக இருக்க வேண்டும் என்கிறான். அரசன் திட்டுகிறான். பிறகு இன்னொருவன் சொல்கிறான், அப்புறம் இன்னொருவன்; மெல்ல எல்லாருக்கும் பயம் விட்டுப்போகிறது.

தான் திருத்திய மூலப்பிரதிகளை ஹுவான் மானுவேல் பேன்யாஃபியேல் ஊர் மடத்தில் வைத்தார். பிழை கண்டால் அங்கே வந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு என்னைக் குறை சொல்லுங்கள் என்று முன்னுரையில் கேட்டுக்கொண்டார். மடத்துப் பிரதி அழிந்துபோனது. கையெழுத்துப் படிகளில் முடங்கிக் கிடந்த கதைக்கு அச்சு கொடுத்தவர் ஓர் அந்தலூசியர்: பயேசாவில் பிறந்த கோன்சாலோ அர்கோத்தே தெ மோலினா. 1575இல் செவிலில் அவர் அதை அச்சிட்டார். கூடவே ஆசிரியரின் வாழ்க்கை, மானுவேல் குலத்தின் வரலாறு, காஸ்தீலியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை. பதின்மூன்று ஆண்டு கழித்து 'அந்தலூசியாவின் பிரபுகுலம்' என்ற பெருநூலையும் கொண்டுவந்தார். யார் யாருக்குப் பிறந்தார், எந்தக் கேடயத்தில் எந்தச் சின்னம் என்று தன் மண்ணின் குடும்பங்களைத் தேடித் தேடிப் பதிந்த மனிதர். பிறப்பைப் பற்றிய பயத்தைச் சிரித்துக் காட்டும் கதையைக் காப்பாற்றியது, பிறப்பை ஆராய்வதில் ஊறிய கை. அப்படி ஒருவர் அந்த நூற்றாண்டு செவிலில் இல்லாதிருந்தால் துணி கோபன்ஹேகன் வரை போயிருக்குமா என்பது சந்தேகமே.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் அந்தலூசியாவில் அரசுக்குத் தானியம் வசூலித்து, செவில் சிறையிலும் இருந்தவர். 1615இல் அதே தந்திரத்தை ஒரு குறுநாடகம் ஆக்கினார். யூத ரத்தம் கலந்தவருக்கு அற்புதக் காட்சி தெரியாது என்று அதில் ஒரு நிபந்தனை சேர்த்தார். அவர் காலத்து ஸ்பெயினில் பதவிக்கே அப்படிச் சான்று கேட்டார்கள்.

ஆண்டர்சன் படித்தது ஜெர்மன் மொழிபெயர்ப்பு. நியூஹாவன் 20ஆம் எண் வீட்டில் குடியிருந்த அவர் ஓடென்ஸேயில் செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுப்பவருக்கும் பிறந்தவர். எட்வர்டின் தந்தை, அரசு உயரதிகாரி யோனாஸ் கொலின் அவருக்குப் படிப்புக்கு வழி செய்தவர். குழந்தைகள் படிக்கப்போகும் கதையில் பிறப்புச் சோதனையை வைக்க முடியாது. அவர் வைத்தது வேறு சோதனை: தன் பதவிக்குத் தகுதியில்லாதவர் கண்ணுக்கும் திருத்தமுடியாத முட்டாள் கண்ணுக்கும் துணி தெரியாது. முழு முடியாட்சி நடந்த அன்றைய டென்மார்க்கில் சம்பளமும் மரியாதையும் மேலிடத்தின் கருணை. முதிய அமைச்சர் வெறுந்தறியைப் பார்த்து மனதுக்குள் நடுங்கும் பத்தியை, பெரிய வீடுகளின் விருந்து மேசையில் தன் இடம் எது என்று எப்போதும் அளந்துகொண்டிருந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

1862இல் அவர் அந்தலூசியாவுக்கே போனார். கூடப் போனவர் எட்வர்டின் மகன் யோனாஸ். மலகா, கிரனாடா, காதிஸ், செவில், கோர்தோபா என்று சுற்றி, மறு ஆண்டு 'ஸ்பெயினில்' என்ற பயணநூலை எழுதினார். மலகாவில்தான் மனம் மிகவும் ஒட்டியது என்றார். இப்போது மலகாவின் கடற்கரைச் சதுக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

துணி இந்தியாவுக்கும் திரும்பி வந்தது. வங்கக் கவிஞர் நீரேந்திரநாத் சக்ரவர்த்தியின் 'உலங்க ராஜா' தொகுப்பு 1974இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ராஜாவைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் எங்கே போனான் என்று அதன் தலைப்புக் கவிதை தேடுகிறது.

எனக்கு அந்தக் குதிரைக்காரனையும் தேட வேண்டும் என்று இருக்கிறது. சிறுபிள்ளை கள்ளமில்லாததால் சொல்கிறது. அதன் மேல் யாரும் கோபப்படமாட்டார்கள். குதிரைக்காரன் விவரம் தெரிந்தவன். பிழைப்பு அரசனிடம்தான் என்று தெரிந்தும், திட்டு விழும் என்று தெரிந்தும் சொன்னான். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு கோபன்ஹேகன் சிறுவனைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், அதே வகுப்பில் குதிரைக்காரனையும் சிராவஸ்தி வீதியில் நின்றவர்களையும் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று கதைகளுக்கும் சேர்த்து ஒரு பாடவேளை போதும்.