மேட்டுப்பாளையத்தில் பிடித்த காற்று

பிப்ரவரிக் கடைசியில் நண்பர் ஒருவரோடு ஊட்டிக்குப் போயிருந்தேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அவரே கேரவனாக மாற்றியிருக்கிறார். மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் ஒரு பஞ்சர் கடையில் நாலு டயருக்கும் 80 பிஎஸ்ஐ காற்றுப் பிடித்தோம். மறுநாள் விடிகாலை ஊட்டியில் கேஜை வைத்துப் பார்த்தால் நாலும் 75. "அந்த ஆளு மீட்டரை ஏமாத்திட்டான் பாருங்க" என்று நண்பர் கொதித்தார்.

யாரும் ஏமாற்றவில்லை. வேனில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். கேஜ் காட்டுவது டயருக்குள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான். சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றே 14 பிஎஸ்ஐ. ஆக உள்ளே மொத்தம் 94. மத்தியானம் 35 டிகிரி, ஊட்டியில் விடிகாலை 10 டிகிரி. இந்தக் குளிரில் உள் அழுத்தம் எட்டு சதவீதம் சுருங்கி 86 ஆகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்று 11 தான். 86-இல் 11 போனால் 75.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர் கேஜைக் கீழே இழுக்கும், உயரம் மேலே தள்ளும். 32 பிஎஸ்ஐ பிடித்த கார் இதே பாதையில் ஏறினால் இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகி 31 காட்டும். அதனால்தான் கார்க்காரர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கனத்த வண்டிக்குத்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

சரி, அந்த 80 எங்கிருந்து வந்தது? கேட்டேன். ஏதோ ஐரோப்பிய வீடியோவில் கேரவனுக்கு 5.5 பார் என்று சொன்னார்களாம், அது 80 பிஎஸ்ஐ. டயர் பக்கச் சுவரிலும் 80 என்றே அச்சிட்டிருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1845-இல். அதைக் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். எடுபடவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1895-இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்டோ பந்தயத்தில் காருக்கு மாட்டி, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஓட்டினார்கள். ரப்பர் வெறும் பைதான், சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அப்படியென்றால் எவ்வளவு காற்று என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டும். ஆனால் கையடக்கமான கேஜை ஷ்ரேடர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 1909 ஆகிவிட்டது. அதுவரை கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும்தான். நம் ஊர் லாரி கிளீனர்கள் இன்றைக்கும் ஜாக்கி லீவரால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் அடியோடு இறங்கியிருந்தால் அந்தத் தட்டல் காட்டிக்கொடுக்கும். 75-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லுமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை.

தப்பான எண்ணுக்கு என்ன விலை என்பது உலகத்துக்கு உறைத்தது 2000-இல். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் வந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள், வெயில் கடுமையான தென் மாநிலங்களில் வேகமாக ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து, வண்டிகள் உருண்டன. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதில் டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது நிஜம். கூடவே ஒரு எண்ணும் இருந்தது. அந்தக் காருக்கு ஃபோர்டு சிபாரிசு செய்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. வண்டி கவிழும் சுபாவத்தைக் குறைக்கத்தான் காற்றைக் குறைத்தார்கள் என்று பிறகு குற்றச்சாட்டு எழுந்தது. 30 வையுங்கள் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், மடங்க மடங்க உள்ளே சூடு ஏறும். 26-இல் கிளம்பி, மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டு அது இன்னும் இறங்கினால்? அந்த வாக்குவாதத்தை வாசிக்கும்போது, பார்க்கிங்கில் ரெண்டு கம்பெனிக்காரர்கள் நின்று "உன் வண்டி", "உன் டயர்" என்று சண்டை போடுவது மாதிரியே இருக்கிறது. செத்தவர்கள் நடுவில்.

அதே ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டது. 2007-க்குள் புதிய கார்கள் எல்லாவற்றிலும் டயர் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு கட்டாயமானது. (1986-இலேயே போர்ஷே 959-இல் இது இருந்தது, பணக்காரர்களுக்கு மட்டும்.) ஆனால் அந்தச் சட்டப்படி, இருக்க வேண்டியதில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 80 பிஎஸ்ஐ டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 60-க்கு இறங்கும் வரை விளக்கு மௌனம் சாதிக்கும். மலையில் அதை நம்பி உட்கார நான் தயாரில்லை. நம் நாட்டில் 2020-இல் வந்த விதி, 3.5 டன் வரையிலான வண்டியில் இந்தக் கருவியும் ட்யூப்லெஸ் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்கிறது. ஸ்டெப்னி என்றதும் ஒரு சின்ன விலகல்: அது வேல்ஸில் லனெல்லி ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். நாம்தான் அந்தப் பெயரை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

5.5 பாருக்கு வருவோம். ஐரோப்பாவில் கேரவனுக்கென்றே 'சிபி' என்று குறியிட்ட டயர்கள் உண்டு. முழுச் சுமையோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கானவை. அவற்றின் பின் அச்சுக்குச் சொல்லப்பட்ட எண்தான் 5.5 பார். நண்பருடையது அந்த ரகமே இல்லை. பக்கச் சுவரில் இருக்கும் 80-உம் "80 வை" என்ற உத்தரவு இல்லை. பக்கத்திலேயே ஒரு எடையும் போட்டிருக்கும். அந்த உச்ச எடையைத் தாங்க இந்த அழுத்தம் வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். கம்பெனி வண்டியாக இருந்தால் கதவோரத் தகட்டில் உள்ள எண் போதும். கட்டிலும் தொட்டியும் ஏறிய வண்டிக்கு அந்தத் தகடு பழைய கதை. எடை போட்டுப் பார்த்து, டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் தேடி எடுப்பது ஒன்றே வழி.

இறங்கும்போது குன்னூரிலிருந்து இரண்டாவது கியரிலேயே வந்தோம். பர்லியாறில் டீக்கு நிறுத்தி, நண்பர் கேஜை வைத்தால் 88. கை வால்வுப் பின்னுக்குப் போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன். பிரேக்கின் சூடு, ஓட்டத்தின் சூடு, கீழே வரவர ஏறும் வெயில் எல்லாம் சேர்ந்த எண் அது. இப்போது இறக்கிவிட்டால் ராத்திரி ஆறினதும் டயர் பட்டினி. அளப்பது எப்போதும் வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகுதான்.

அன்றைக்கு மேட்டுப்பாளையத்திலேயே தங்கி, காலையில் உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் ஒரு எடை மேடைக்குப் போனோம். முன் அச்சு, பின் அச்சு, அப்புறம் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு தடவை. கிழங்கு லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பின் அச்சு, அட்டவணையில் 80-ஐ நெருங்கத்தான் செய்தது. முன் அச்சுக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை. இத்தனை நாள் முன் டயர்கள் விறைத்து, தரையைப் பாதிதான் தொட்டபடி, பனியில் நனைந்த கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியிருக்கின்றன. அதைவிட மோசம், அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடது பக்கம் கணிசமாகக் கனத்திருந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. தொட்டியைத் திறந்து பாதித் தண்ணீரை அங்கேயே கொட்டினார். கோவை போனதும் தொட்டியை நடுவுக்கு மாற்றப்போவதாக வழியில் சொன்னார்.