படத்தைப் பிரிந்த குரல்

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். எழுத்தறியாதாரும் கேட்டறிதல் கூடும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வன்னி மக்களுக்கோ அது வாழ்க்கை அனுபவமுமாகும். ஒளி இறுவட்டிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுத்து வேறிடத்திற் கேட்பது இக்காலப் புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வரலாற்றை நோக்கின், அஃது அவ்வாறன்று.

பேசும்படம் பிறந்த காலத்திற் படமும் குரலும் வெவ்வேறாகவே இருந்தன. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த வைற்றாபோன் முறையிற் படம் சுருளிலும், ஒலி இசைத்தட்டிலும் அமைந்தன. ஊசி சற்றே இடறினால் வாயசைவு ஒன்றாகவும் குரல் வேறொன்றாகவும் முடியும். பின்னர் சுருளின் ஓரத்திலேயே ஒலியையும் பதிக்கும் முறை நிலைபெற்றது. 1931 ஒக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியாக, தமிழும் திரையிற் பேசத் தொடங்கியது.

இவ்வாறு ஒன்றுசேர்ந்த இரண்டையும் கேட்போரின் விருப்பம் மீண்டும் பிரித்தது. 1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ இதற்குத் தக்க சான்றாகும். தருமியும் இறைவனும் வாதிடும் வசனம் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறி, கோயில் வீதிகளில் ஒலிபெருக்கி வழியே முழங்கியது. படம் பாராதவரும் அதனை மனனஞ் செய்தனர். வானொலியும் திரைப்படங்களின் ஒலியைச் சுருக்கி ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில் ஒலிபரப்பியது.

வன்னியில் இவ்வழக்கம் தேவையின் பொருட்டும் வேரூன்றிற்று. 1990களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் அருமையாயின. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்ட கதையைப் பெரியோர் இன்றும் கூறுவர். படம் பார்க்க மின்பிறப்பாக்கி வேண்டும். குரல் கேட்க ஒருவர் கைவலுவே போதுமாயிருந்தது.

வீ.சீ.டி எனப்படும் ஒளி இறுவட்டின் முறை 1993இல் வகுக்கப்பட்டது. அதிற் படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கப்பட்டு, சிறுசிறு பொதிகளாக மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. இருநிறப் பூக்களாற் கட்டிய மாலையில் ஒரு நிறத்தை மட்டும் கொய்தெடுப்பது போன்றதே ஒலியைப் பிரித்தல். ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 100 மெகாபைட் அளவே. படத்தோடு சேர்ந்த முழுமையில் ஆறில் ஒரு பங்கு. வி.எல்.சி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: ஒலியை உள்ளவாறே பிரித்தால் இழப்பில்லை, எம்.பி.3 ஆக மாற்றின் அளவு குறையும், நயமுஞ் சிறிது குறையும்.

இதனை யான் கற்றது ஏட்டில் அன்று. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருவதை யாவரும் அறிவர். போர்நிறுத்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆடிய கூத்தொன்றில் அப்பப்பா பாடினார். 2009இல் எம்மவர் வீடுவாசலை இழந்தபோது, வவுனியாவில் உறவினரிடம் இருந்த அக்கூத்தின் இறுவட்டு மாத்திரம் தப்பிற்று. அப்பாச்சிக்கு இப்போது கண் பார்வை மங்கல். “எனக்குப் படம் என்னத்துக்கு மோனை? அவற்ற குரல் காணும்” என்றார். ஒலியைப் பிரித்துக் கைத்தொலைபேசியில் இட்டுக் கொடுத்தேன். இப்போது முற்றத்து வேப்பமர நிழலிலும் அவர் அதனைக் கேட்கின்றார்.

ஆனால் முழுவதும் கிடைக்கவில்லை. வீட்டிற் பதியும் இறுவட்டிற் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படை. வெப்பமும் வெயிலும் அதனைக் கெடுக்கும். இறுவட்டின் நடுவே ஒரு பாட்டு அழிந்துவிட்டது. அதனை முழுமையாகப் பாடவல்லார் இன்று எங்கள் ஊரில் இல்லை. ஐந்தாண்டு முன்னர் யான் இதனைச் செய்திருந்தால் அப்பாட்டு ஒருவேளை பிழைத்திருக்கும்.

விற்பனைக்கு வந்த திரைப்படங்களைப் பிரதிசெய்து பரப்புமாறு யான் கூறவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உரிமையாளரின் உரிமையைக் காக்கின்றது. நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கூத்து, கதாப்பிரசங்கம், திருமணம், திருவிழா ஆகியவற்றின் பதிவுகளையே கருதுகின்றேன். அவற்றைப் பிரித்தெடுத்து, பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, ஈரிடங்களிற் சேமித்தல் வேண்டும். மூல இறுவட்டையும் எறிந்துவிடலாகாது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஆவணப்படுத்தி வருகின்றது. உரியவர் இசைவுடன் அங்கும் ஒப்படைக்கலாம்.

இளைஞர்களே! கருவி நம் கையில் உள்ளது; குரல்கள் பெரியோர் பெட்டியில் உள்ளன. பெரியோர்களே! அப்பெட்டிகளை எமக்குத் திறந்து தாருங்கள். அடுத்த வெயிற்காலம் வருமுன் இப்பணியைத் தொடங்குவோமாக.