ஊமத்தம் புகையும் சம்மதப் படிவமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆஸ்துமாவுக்கு இன்றும் 'தொய்வு' என்றே பெயர். 'முட்டு' என்பாரும் 'இழுப்பு' என்பாரும் உளர். மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும்போது ஒரு தடவை, பெரும்போக அறுவடையில் படுவான்கரை வயல்களிலிருந்து தூசும் வைக்கோற் புகையும் எழும்போது இன்னொரு தடவை என்று தொய்வுக்காரரின் ஆண்டு நகரும். முன்னர் அவர்கள் பரிகாரியாரிடம் போனார்கள். இப்போது சட்டைப்பையில் ஒரு சிறிய 'பம்ப்' இருக்கிறது. இரண்டு முறை உறிஞ்சினால் மூச்சு திரும்பிவிடுகிறது.

அந்த மருந்தை முதன்முதலில் யார் உறிஞ்சினார்கள் என்று நாம் கேட்பதில்லை. வேலை செய்யுமா, கொல்லுமா என்று தெரியாத நிலையில் யாரோ ஒருவர் தம் மூச்சுக்குழாயை அதற்குத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட சிலரைப் பற்றியது இக்கட்டுரை. கதை நமக்கு அருகிலிருந்தே தொடங்குகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் அண்டர்சன். தாவரங்களில் பித்துக் கொண்டவர். தொய்வுக்கு ஊமத்தையைப் புகைக்கும் உள்ளூர் வழக்கம் அவர் கவனத்துக்கு வந்தது. அவர் அதை ஜெனரல் ஜென்ட் என்ற இராணுவ அதிகாரிக்குச் சொல்ல, ஜென்ட் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே சிம்ஸ் என்ற வைத்தியர் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. சென்னை ஊமத்தை அந்தக் குளிரில் எளிதில் கிடைக்கவில்லை. எனவே அதே குடும்பத்தைச் சேர்ந்த, அங்கு வளரும் இன்னொரு வகையைப் புகைத்தார்கள். அதுவும் வேலை செய்தது.

அண்டர்சனின் பெயர் மருத்துவ வரலாற்று நூல்களில் உண்டு. ஜென்டின் பெயரும் உண்டு. அண்டர்சனுக்கு அதைக் காட்டிய தமிழ்நாட்டுப் பரிகாரியின் பெயரோ, அவருக்கு முன் எத்தனையோ தலைமுறையாக அளவு பிசகித் தலை சுற்றி விழுந்தும் பிழைத்தும் அளவைக் கண்டுபிடித்துக் கொடுத்த நோயாளிகளின் பெயரோ எங்கும் இல்லை. ஊமத்தை விளையாட்டான பொருளன்று. சிறிது மிஞ்சினாலும் சித்தம் கலங்கும், உயிரும் போகும். இதை வாசிக்கும் எவரும் வேலியோரத்தில் பறித்துப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

இங்கிலாந்தில் நடந்ததுதான் சுவையானது. ஊமத்தையைப் புகைத்துப் பார்த்த தொய்வுக்காரர்கள், தமக்கு என்ன நேர்ந்தது என்று 'மன்த்லி மகசீன்' என்ற சஞ்சிகைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1811இல் அக்கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூலாகவே வெளிவந்தன. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோரைப் பத்திரிகை அலுவலகங்களில் சற்று இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆஸ்துமா ஆராய்ச்சிக்குத் தாமாக முன்வந்தவர்களின் முதல் பதிவேடுகளில் ஒன்று வாசகர் கடிதப் பகுதியில் இருந்தது என்பதை என் சகபாடிகளுக்கு இங்கே நினைவூட்டி வைக்கிறேன்.

அதன்பின் ஊமத்தைச் சுருட்டுகளும் பொடிகளும் ஒன்றரை நூற்றாண்டு மேற்குலகக் கடைகளில் விற்பனையாயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் அந்தப் புகைக்குள்தான் வாழ்ந்தார். ஊமத்தையில் உள்ள அற்றோப்பீன் வகைச் சத்தைச் செப்பனிட்டு 1970களில் இப்ரற்றோப்பியம் என்ற உறிஞ்சும் மருந்து வந்தது. இழைப்பு கடுமையாகி வைத்தியசாலைக்கு வருபவருக்கு நெபுலைசரில் ஊற்றும் மருந்துகளில் அதுவும் ஒன்று. பரிகாரியாரின் புகை பெயர் மாறி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

கடிதம் எழுதியவர்கள் தற்செயலாகச் சோதித்தார்கள். திட்டமிட்டுச் சோதித்தவர் ரோஜர் அல்ற்றூன்யன். 1922இல் பிறந்தவர், ஆர்மேனிய வழி. குடும்பம் சிரியாவின் அலெப்போ நகரில் வைத்தியசாலை நடத்தியது. ஆர்தர் ரான்ஸமின் 1930ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்ற சிறுவனின் பெயர் இவருடையதே. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து, பின் வைத்தியரானார். இவருக்கே ஆஸ்துமா.

1950களின் நடுவில் இவர் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். எகிப்தில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியின் விதைச்சத்திலிருந்து புதிய சேர்மங்களை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றை விலங்குகளில் சோதித்தபோது பயன் தெரியவில்லை. அல்ற்றூன்யன் தன்னையே சோதனைப் பிராணியாக்கினார். கினிப்பன்றியின் உரோமமும் தோற்செதிளும் அவருக்கு ஒவ்வாதவை. அவற்றின் சாற்றை உறிஞ்சித் தனக்குத் தானே இழைப்பை வரவழைத்துக்கொள்வார். அதற்கு முன் புதிய சேர்மமொன்றை உறிஞ்சியிருப்பார். மூச்சு எவ்வளவு அடைபடுகிறது என்று அளந்து எழுதுவார். பிறகு அடுத்த சேர்மம். இப்படி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், நூற்றுக்கணக்கான தடவைகள். 1965இல் ஒரு சேர்மம் இழைப்பை வரவிடாமல் தடுத்தது. அதுவே சோடியம் குரோமோகிளைக்கேற். 'இன்ரல்' என்ற பெயரில் 1960களின் இறுதியில் சந்தைக்கு வந்து ஏராளமான குழந்தைகளின் இரவுகளை மாற்றியது. தூளாக இருந்த அந்த மருந்தை உறிஞ்ச, விமானத்தின் சுழல்விசிறியை நினைவில் வைத்து ஒரு கருவியையும் அவரே அமைத்தார். 1987இல் காலமானார்.

தியாகம் என்று இதைப் புகழ்வது எளிது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அல்ற்றூன்யன் என்ன உறிஞ்சுகிறார் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் எவரும் இல்லை. ஆய்வாளரும் தொண்டரும் ஒருவரே என்பதால், ஒருவர் மற்றவரிடம் எதையும் மறைத்திருக்க முடியாது.

இந்தியாவில் வேறொரு வழியில் முயன்றார்கள். டெல்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சிவ்புரியும் குழுவினரும் நஞ்சறுப்பான் இலையை ஆராய்ந்து 1969இல் முடிவை வெளியிட்டனர். 110 நோயாளிகள் ஆறு நாட்கள் நாளுக்கொரு இலை மென்றனர். ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது நஞ்சறுப்பான், மற்றவர்களுக்கு வேறோர் இலை. எது எவருக்கு என்று மென்றவருக்கும் தெரியாது, கணக்கெடுத்தவருக்கும் தெரியாது. முதல் வார முடிவில் நஞ்சறுப்பான் மென்றவர்களில் 62 வீதமானோருக்கு நல்ல சுகம். மற்றவர்களில் 28 வீதம். ஆனால் 1970களின் இறுதியில் நடந்த இன்னோர் ஆய்வில் அந்தப் பயன் தென்படவில்லை. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் மிருகசீரிடத்தன்று உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்க ஆயிரமாயிரம் தொய்வுக்காரர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களும் தாமாக முன்வந்தவர்களே. ஆனால் மறு ஆண்டு அவர்களில் எத்தனை பேருக்கு மூச்சு சீரானது என்று எண்ணி ஒப்பிடுவதற்கு அங்கே எவரும் இல்லை. அந்த 110 பேரின் கசப்பு வீணாகவில்லை, இவர்களின் விரால் வீணாகிறது.

இனி 2001. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா நிலையத்தில் எலன் ரோஷ் என்ற 24 வயதுப் பெண் ஆய்வுகூட உதவியாளராக இருந்தார். ஆஸ்துமா இல்லாதவர். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது சுகதேகியின் மூச்சுக்குழாய் எப்படித் திறந்திருக்கிறது என்று அறிய அங்கே ஓர் ஆய்வு நடந்தது. நரம்பின் செயலைத் தடுக்க ஹெக்ஸாமெதோனியம் என்ற இரசாயனத்தை உறிஞ்ச வேண்டும். முழுவதையும் முடித்தால் 365 டொலர் வரை கொடுப்பனவு. மே 4ஆம் திகதி அவர் அதை உறிஞ்சினார். மூன்றாவது தொண்டர் அவர். மறுநாளே இருமல். சில நாட்களில் வைத்தியசாலை, பின்னர் அதிதீவிர சிகிச்சை. ஜூன் 2ஆம் திகதி இறந்தார்.

ஹெக்ஸாமெதோனியம் 1950களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அதை உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டதை அக்காலத்து மருத்துவ இதழ்களே பதிவு செய்திருந்தன. 1972இல் அமெரிக்காவில் அதன் அனுமதி விலக்கப்பட்டுவிட்டது. ஆய்வாளர் கணினித் தரவுத்தளத்தில் தேடியிருந்தார். ஆனால் அத்தரவுத்தளம் அப்போது 1966இலிருந்தே தொடங்கியது. முதல் தொண்டருக்கு வந்த இருமலும் நெறிமுறைக் குழுவுக்கு உடனே அறிவிக்கப்படவில்லை. எலனிடம் கொடுத்த படிவத்தில் நுரையீரல் ஆபத்து பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த இரசாயனம் அதில் 'மருந்து' என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஜூலை 19ஆம் திகதி அமெரிக்க அரசு, தன் நிதியில் அங்கு நடந்த மனித ஆய்வுகள் அனைத்தையுமே ஏறக்குறைய நிறுத்தியது. சில நாட்களில் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது.

பழைய பத்திரிகைக் கட்டுகளோடு வாழ்ந்தவனுக்கு இது நன்கு புரியும். கையிலுள்ள கட்டு எந்த ஆண்டில் தொடங்குகிறதோ, உலகமும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது என்று நினைக்கத் தோன்றும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபின் நமது வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தக் குழியில் இடறியிருக்கிறார்கள். வரலாற்றெழுத்தில் அது ஒரு பிழையான அடிக்குறிப்பாகிப் போகும். பால்ற்றிமோரில் ஓர் இளம்பெண்ணின் உயிரானது. நூலகத்தின் பின்னறையில் தூசி படிந்த 1950களின் இதழ்களைப் புரட்ட ஒருவரை அனுப்பியிருந்தால் அவர் இன்று ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பார். தான் வேலை செய்யும் இடத்திலேயே தொண்டராக முன்வந்த ஊழியர் எவ்வளவு சுதந்திரமாக மறுத்திருக்க முடியும் என்ற கேள்வி வேறு இருக்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. பாம்புக்கடிக்கு விஷமுறி மருந்து ஏற்றும்போது பலருக்கு ஒவ்வாமை எழும். சிலருக்குத் தொய்வுக்காரரைப் போலவே மூச்சு இழுக்கும். அதைத் தடுக்க முடியுமா என்று களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா தலைமையில் நடந்த ஆய்வில் 1,007 நோயாளிகள் சேர்ந்தனர். 2011இல் வெளியான முடிவின்படி, விஷமுறிக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைகிறது. தொய்வுக்கு நூறாண்டுக்கு முன்பிருந்தே போடப்பட்ட அதே அட்ரினலின்தான். வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த மற்றிரு மருந்துகளால் பயனில்லை என்றும் அவ்வாய்வு காட்டியது. எங்கள் வயற்காரருக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இத்தகைய ஆய்வுகளின் விவரங்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி இருக்கிறது. அடுத்த ஆய்வு வாவிக்கரைக்கும் வரலாம். வந்தால் போகலாம் என்பதே என் கட்சி. கையெழுத்திடுமுன் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, அதில் 'மருந்து' என்று எழுதியிருக்கும் இடத்தில் விரலை வைத்து, இது முன்பு எந்த நோய்க்கு, எந்த ஆண்டில், யாருக்குக் கொடுத்தது, அவர்களுக்கு என்ன ஆயிற்று, உங்களுக்கு முன் இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வைத்தியர் சற்று யோசித்து, தேடிப்பார்த்து நாளை சொல்கிறேன் என்றால், நாளைக்கே போங்கள்.