பாதி விடை!

ஏன் என்று கேட்டவனின் தலை உருண்ட காலம் ஒன்று இருந்தது. ஆண்டவன் அருளால் அரியணை ஏறியவன், அடிபணிந்து கிடப்போருக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவன் அல்லன் என்று குருமார்களும் கூறினர், கொற்றவனும் கூறினான். இங்கிலாந்திலே அத்தகைய மன்னன் ஒருவனின் தலையே 1649-இல் வெட்டி வீழ்த்தப்பட்டது. அதற்குப் பிறகும், அமைச்சனைப் பார்த்து, “இது மெய்யா?” என்று மன்றத்திலே கேட்டு விடை பெறும் வழக்கம் தலைகாட்ட எழுபது ஆண்டுகள் பிடித்தன.

1721-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். தென்கடல் கம்பெனி என்னும் மாயக் குமிழி வெடித்து, ஆயிரக்கணக்கானோர் ஆண்டியாகி நின்ற நேரம். அந்தக் கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட், கடல் கடந்து ஓடிவிட்டார். பிரபுக்கள் சபையிலே கௌப்பர் பிரபு எழுந்து, ஓடியவர் பிரசெல்ஸ் நகரில் பிடிபட்டதாகக் கூறுகிறார்களே, உண்மைதானா என்று கேட்டார். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முதற்கேள்வி என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதனைத்தான். பொருத்தமான தொடக்கம்! பிறர் பணத்தோடு விளையாடியவனைப் பற்றிய கேள்வியன்றோ!

பின்னர் வழக்கம் வளர்ந்தது. 1835-இல் கேள்விகளை முன்னதாகவே அச்சிட்டு வெளியிடத் தொடங்கினர். ஆண்டுக்கு ஆண்டு கேள்விகள் பெருகின, அமைச்சர்கள் அலுத்துக்கொண்டனர். 1902-இல் பால்ஃபர், மன்ற விதிகளைத் திருத்தியபோது, வாய்மொழி விடை வேண்டாதவர்கள் எழுத்து மூலமே விடை பெறலாம் என்று வழி செய்தார். நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. கேள்வியின் வேகத்தைத் தணிக்கும் எண்ணமும் அதிலே கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

வேகத்தைத் தணிப்பதில் வெள்ளையர் வல்லவர்கள் என்பதை இந்தியாவிலே கண்டோமல்லவா? 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்குள்ள சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடைத்தது. விடை கேட்டபின் துணைக்கேள்வி எழுப்பும் உரிமையோ 1909-க்குப் பிறகுதான் வந்தது. கேள்வி கேள், கிடைத்ததை வாங்கிக்கொள், மேலே பேசாதே என்பது 1892-இன் பொருள்! துணைக்கேள்விதான் பல், பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பைப் படமெடுக்கச் சொன்னார்கள்.

எழுத்துக் கேள்விக்கும் அந்தப் பல் இல்லை. அமைச்சரின் முகம் வெளிறுவதைக் காண வழியில்லை. அடுத்த கணமே மடக்கவும் முடியாது. துறையிலுள்ள அதிகாரி ஒருவர், கேள்வியைப் பத்து முறை படித்து, கேட்கப்பட்ட சொல்லுக்கு மட்டும் விடை எழுதி, கேட்கப்படாததை மூடி மறைத்து, கோப்பிலே வைத்து அனுப்புகிறார், அமைச்சர் ஒப்பமிடுகிறார், முடிந்தது வேலை. அப்படியானால் அது வீண்தானா? விடை காண, ஈராக்குக்கு ஆயுதம் விற்ற கதையைக் காண்போம்.

1980 முதல் 1988 வரை ஈரானும் ஈராக்கும் போரிட்டன. இரண்டு நாடுகளுக்குமே கொலைக் கருவிகளை விற்றுக் கொழுக்கலாம் என்று உலக வணிகர்கள் உள்ளம் பூரித்த நேரம். பிரிட்டிஷ் சர்க்கார், தனது நெறிமுறை இது என்று வகுத்தது: போரை நீட்டவோ கடுமையாக்கவோ இரு தரப்பில் எவருக்கும் பெரிதும் உதவக்கூடிய தளவாடங்களுக்குப் புதிதாக அனுமதி இல்லை. வெளிநாட்டு அமைச்சர் ஜெஃப்ரி ஹௌ, 1985 அக்டோபர் 29-ஆம் நாள், இந்த நெறிமுறையைப் பாராளுமன்றத்திற்கு அறிவித்தார். எவ்வாறு அறிவித்தார்? மேடையேறி முழங்கியல்ல. எழுத்துக் கேள்வி ஒன்றிற்கு அளித்த எழுத்து விடையிலே! இதை நினைவில் வையுங்கள் தோழர்களே, பின்னால் வேண்டியிருக்கும்.

1988 மார்ச்சுத் திங்களில் ஹலப்ஜா என்னும் ஊரிலே சதாம் உசேனின் விமானங்கள் நச்சுப் புகை வீசின. குர்து இனத்து ஆடவரும் பெண்டிரும், பால் மறவாப் பாலகரும், ஏறத்தாழ ஐயாயிரம் பேர், வீட்டு வாயிலிலும் வீதியிலும் விழுந்து மாண்டனர். பிரிட்டிஷ் அமைச்சர்கள் கண்டனம் தெரிவித்தனர். ஆகஸ்டில் போர் நின்றது. உடனே சந்தையின் வாடை வீசத் தொடங்கிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வெளிநாட்டுத் துறையின் வில்லியம் வால்டிகிரேவ், வணிகத் துறையின் ஆலன் கிளார்க், பாதுகாப்புத் துறையின் டிரெஃப்கார்ன் பிரபு ஆகிய மூன்று துணை அமைச்சர்களும் கூடி, நெறிமுறையின் வாசகத்தைத் தளர்த்தினர். போர்நிறுத்தத்தை மீறித் தாக்குவதற்கு நேரடியாக உதவும் பொருள் மட்டுமே கூடாது என்பது புதிய வாசகம். கடைசல் எந்திரங்களுக்குக் கதவு திறந்தது. பீரங்கிக் குண்டு வடிக்கவல்ல எந்திரங்கள் அவை!

மாற்றினார்களே, மன்றத்திற்குச் சொன்னார்களா? இல்லை. குர்து மக்களுக்காகக் கண்ணீர் வடித்த ஈரம் காய்வதற்குள் ஆயுத விற்பனையில் தாராளம் காட்டினால் உலகம் என்ன நினைக்கும் என்ற அச்சம் துறையின் கோப்புகளிலேயே காணப்படுகிறது. ஊர் பேசிற்று, உறுப்பினர்கள் ஐயுற்றனர், கேட்டனர். 1989 ஏப்ரலில் பிரதமர் தாட்சர் அம்மையாரின் பெயரிலேயே எழுத்து விடை வெளிவந்தது: ஈரானுக்கோ ஈராக்குக்கோ தளவாடம் விற்பது குறித்த கொள்கை மாறவில்லை! வால்டிகிரேவ் ஒப்பமிட்ட மடல்களும் அதே பாட்டையே பாடின. நெறிமுறை மாறவில்லை, அதற்குப் பொருள் கொள்வதில்தான் நெகிழ்ச்சி என்பது அதிகாரிகளின் விளக்கம். வேதத்திற்குப் பாஷ்யம் எழுதியோர் தோற்றார்கள் போங்கள்!

கேட்ட உறுப்பினர் ஏமாந்தார் என்பது உண்மை. ஆனால் ஒரு வேலை நடந்துவிட்டது. துறையின் சொல், நாள் குறித்து, பெயர் குறித்து, ஹன்ஸார்டு ஏட்டிலே அச்சாகிவிட்டது. பேச்சு காற்றோடு போகும். செவி மயங்கிற்று என்று பிறகு சாதிக்கலாம். அச்சேறிய விடையை எந்த அமைச்சரும் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது.

அதன் விலை என்ன என்பது 1992-இல் தெரிந்தது. காவென்ட்ரி நகரத்து மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்னும் எந்திரக் கம்பெனியின் நிர்வாகிகள் மூவர், வணிகத் துறையை ஏய்த்து ஈராக்குக்கு எந்திரம் அனுப்பினர் என்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். அனுமதி கொடுத்தது வணிகத் துறை. வழக்குத் தொடுத்தது சுங்கத் துறை! மூவரில் ஒருவர் பிரிட்டிஷ் உளவுத் துறைக்கே செய்தி தந்து வந்தவர். துறைகளின் கோப்புகளைக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, பொதுநலன் கருதிக் காட்டலாகாது என்று அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சான்றிதழ் எழுதினர். யாருடைய நலன்? மூன்று மனிதர்கள் சிறைக்குப் போனாலும் போகட்டும், கோப்பு மட்டும் வெளியே போகக்கூடாது!

நீதிபதி கோப்புகளைப் பார்த்தார். அவற்றில் பலவற்றைக் காட்டுமாறு ஆணையிட்டார். அதன் பின்னர் ஆலன் கிளார்க் சாட்சிக் கூண்டேறினார். குறுக்கு விசாரணையிலே, உண்மையைச் செலவிடுவதில் தாம் சிக்கனம் காட்டியதாகப் பொருள்படச் சொல்லிச் சிரிப்பை எழுப்பினார். வழக்கு நவம்பர் 9-ஆம் நாள் கவிழ்ந்தது. மூவரும் விடுதலையாயினர். நாடு கொதித்தது. பிரதமர் ஜான் மேஜர், நீதிபதி ரிச்சர்டு ஸ்காட் தலைமையில் விசாரணை அமைக்க வேண்டியதாயிற்று.

ஸ்காட் செய்தது மிக எளிய காரியம். மேசையின் ஒரு பக்கம் ஹன்ஸார்டு. மறு பக்கம் துறைகளின் கோப்புகள். இந்த நாளில் மன்றத்திற்கு என்ன சொன்னீர்கள்? அதே நாளில் உங்கள் கோப்பு என்ன சொல்கிறது? கேள்வி கேட்டவர்களால் 1989-இல் செய்ய முடியாத துணைக்கேள்வியை, அவர்கள் பெற்றுவைத்த விடைகளைக் கொண்டே 1993-இல் அவர் கேட்டார். உயர் அதிகாரிகள் விழி பிதுங்கினர். பாதிப் படமும் மெய்யாக இருக்கக்கூடும், பாதி விடையும் சரியான விடைதான் என்றெல்லாம் அவர்கள் தத்துவம் பேசினர். கொலை செய்தாயா என்று கேட்டால், காலையில் குளித்தேன் என்பது கூட மெய்யான விடையாக இருக்கக்கூடும்!

1996 பிப்ரவரி 15-ஆம் நாள் அறிக்கை வெளிவந்தது. ஐந்து தொகுதிகள், 1,800 பக்கங்களுக்கு மேல். கொள்கையின் உண்மை நிலையை அமைச்சர்களின் விடைகள் மன்றத்திற்குத் தெரிவிக்கவில்லை, அதுவும் வேண்டுமென்றே தெரிவிக்கவில்லை என்று ஸ்காட் தீர்ப்பளித்தார். நெறிமுறை மாறவில்லை என்ற வாதம் நடப்புக்குப் பொருந்தாதது என்றார். ஆனால், வால்டிகிரேவிடம் வஞ்சக நோக்கம் இல்லை என்றும் எழுதினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கரையேறினர் ஆட்சியாளர். எவரும் பதவி விலகவில்லை. நீதிபதியின் நிதானத்தை மதிக்கிறோம். ஆனால் நோக்கமின்றியே இத்தனை விடைகள் ஒரே திசையில் சாய்ந்தன என்பதை ஏற்க அறிவு மறுக்கிறது.

ஆட்சியாளர் அந்த அறிக்கையைப் பல நாட்கள் முன்னதாகவே படித்துத் தயாராயினர். எதிர்க்கட்சியின் ராபின் குக்கிற்குக் கிடைத்ததோ சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்திலே படித்து, மன்றத்திலே அவர் தொடுத்த கணைகள் இன்றும் பேசப்படுகின்றன. பிப்ரவரி 26-ஆம் நாள் வாக்கெடுப்பு. சர்க்காருக்கு 320; எதிர்ப்பு 319. ஒரே ஒரு வாக்கு!

அடுத்த ஆண்டு, 1997 மார்ச்சு 19-ஆம் நாள், பொதுமக்கள் சபை தீர்மானமொன்றை நிறைவேற்றிற்று. அமைச்சர்கள் மன்றத்திற்கு மெய்யான, பிழையற்ற தகவலையே தரவேண்டும். தெரிந்தே திசை திருப்புவோர் பதவி விலக முன்வரவேண்டும். மன்றம் கலைந்து தேர்தலுக்குப் போவதற்குச் சில நாட்களே இருந்தன. மே முதல் நாள் தேர்தலில் வால்டிகிரேவ் தோற்றார். ராபின் குக், வெளிநாட்டு அமைச்சராக அந்தத் துறைக்கே போய் அமர்ந்தார். ஓராண்டு சென்றது. தடையை மீறி சியரா லியோனுக்கு ஆயுதம் போன செய்தி 1998-இல் வெடித்தது. உங்கள் துறைக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்ற கேள்விகள் இம்முறை குக்கின் மேசைக்கு வந்து சேர்ந்தன.