செப்புத்தகட்டில் எஞ்சிய கோட்டைகள்

பாழடைந்த இருப்பிடத்தின் முன் நின்று நினைவுகூர்தல் அரபுக் கவிதையின் தொன்மையான மரபுகளுள் ஒன்று. முஅல்லகாத் எனப்படும் நெடும்பாடல்களுள் பல அவ்வாறே தொடங்குகின்றன. கூடாரங்கள் அகன்றபின் எஞ்சும் சுவடுகளை அரபியர் 'அத்லால்' என்றனர். தருமபுரியை அடுத்த வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவொன்றில் நின்று சமவெளியை நோக்கும்போதெல்லாம் அச்சொல் நம் நினைவுக்கு வருகிறது. கீழே ஓட்டு வீடுகள் மறைந்து கான்கிரீட் மாடிகள் எழுகின்றன. இந்நிலப்பரப்பின் முந்தைய தோற்றத்தைக் காண விரும்புவோர் பழைய செதுக்கோவியங்களையே நாட வேண்டியுள்ளது.

இப்பகுதி அன்று பாரமகால் எனப்பட்டது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் இதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டில் தாமஸ் டேனியலும் அவர்தம் சகோதரர் மகன் வில்லியமும் இவ்வழியே பயணம் செய்து மலைக்கோட்டைகளை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்களது 144 சித்திரங்களின் தொகுதியில் இராயக்கோட்டையும் இடம்பெற்றுள்ளது.

இக்கலையின் செய்முறை நுட்பமானது. செப்புத்தகட்டின்மீது மெழுகுப்பூச்சிட்டு ஊசியால் கீறுவர். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் அது அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்திப் படியெடுப்பர். பிசின்தூளைப் படியவைத்து நிழற்சாயல் பெறும் முறையையும் டேனியல்கள் கையாண்டனர்.

அருகிலுள்ள பெங்களூரின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. அப்போரில் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி ஜேம்ஸ் ஹண்டர் அந்நகரின் கோட்டை வாயில்களையும் ஒரு பள்ளிவாசலையும் வரைந்தார். 1792இல் அவர் மறைந்தபின், 1804-05ஆம் ஆண்டுகளில் அவை அச்சேறின. அக்கோட்டையின் பெரும்பகுதி பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. டில்லி வாயிலும் சிறுபகுதியுமே இன்று எஞ்சியுள்ளன. நம் பள்ளிவாசலின் பழைய உருவத்தை நமக்குக் காத்துத் தந்தவர், நம் நாட்டை வெல்ல வந்த படையினர் ஒருவர்!

எனவே இச்சித்திரங்களை நாம் எச்சரிக்கையுடன் பார்த்தல் வேண்டும். வென்றவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய பாறையும் மதிலும் அவற்றில் உள்ளன. மதிலுக்குள் வாழ்ந்தவரின் துயரம் அவற்றில் இல்லை. பாரிஸில் நிலைமை வேறு. 1850களில் அந்நகரின் பழந்தெருக்கள் இடிக்கப்பட்டுப் பெருவீதிகள் அமைக்கப்பட்ட காலத்தில், அவ்வூரில் பிறந்த சார்லஸ் மெரியோனே மறையவிருந்த பாரிஸைச் செப்பில் பதித்தார். அது வென்றவரின் பார்வையன்று; இழப்பவரின் பார்வை.

நம்மிடம் அப்பார்வை உண்டா? நாம் அறிந்த ஒரு மஹல்லாவில், சுண்ணாம்புக் காரையாலும் மரத்தூண்களாலும் ஆன பழைய பள்ளி அகற்றப்பட்டு விசாலமான புதுப்பள்ளி எழுந்தது. தொழுவோர் பெருகியதால் அது தேவையே. ஆயினும் பழைய கட்டடத்தின் படம் வேண்டித் தேடியபோது, ஒரு நிக்காஹ் புகைப்படத்தில் மணமகன் பின்னே தெரிந்த தூணொன்றே கிடைத்தது.

கட்டடங்கள் அனைத்தையும் காப்பது இயலாது. இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படமெடுத்து, கல்வெட்டைப் படியெடுத்து வைப்பது இயலும். ஜமாஅத்தின் கணக்கேடுகளோடு இதற்கும் ஓர் ஏடு இருக்கட்டும்.